டீல் வுடு, தலீவரே

1954 மார்ச் 8, திங்கள்

டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டி, பந்தை அமுக்கி, பாதரசத்தைப் பார்த்துவிட்டு, "நீர் செய்கிற வேலை என்ன?" என்று கேட்டார். ராயபுரம் முழுக்கத் தெரிந்த விஷயம் இவருக்குத் தெரியவில்லை. வெங்காயம், மிளகாய், புளி மொத்த வியாபாரம், சண்முகவேல் மண்டி, வியாபாரிகள் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகத் தலைவர் என்றேன். "அதைக் கேட்கவில்லை. நாளெல்லாம் என்ன செய்கிறீர்?" என்றார். யோசித்துப் பார்த்தால் நாளெல்லாம் சத்தம் போடுகிறேன். அதைச் சொல்லவில்லை. மேற்பார்வை என்றேன்.

ரத்தக்கொதிப்பாம். மூன்று மணிக்கு மேல் மண்டியில் இருக்கக் கூடாதாம். உப்பைக் குறைக்க வேண்டுமாம். சாயந்தரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கடற்காற்று வாங்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் காற்று வாங்குவது ஒரு வேலையா? சிவந்தி பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது, "டாக்டரு நல்ல மனுசன்" என்றாள். என்னை அதட்டுகிற யாரையும் என் மனைவிக்கு உடனே பிடித்துவிடுகிறது.

மார்ச் 9, செவ்வாய்

மூன்று மணிக்கு மண்டியை விட்டுக் கிளம்பிவிட்டேன். டாக்டர் சொன்னது மண்டியைத்தானே? காலடிப்பேட்டைக் கிளையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன்.

பொங்கலுக்கு ஆரம்பித்த கிளை. மகன் உச்சிமாகாளிதான் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்றால், அவன் பார்ப்பதைத் தினமும் நான் போய்ப் பார்க்கிறேன். இன்று குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவன் நிறுத்து முடித்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிக் கொசுறு போடுகிறான். கொசுறு என்பது விரலால் கிள்ளிப் போடுவது. கையால் அள்ளிப் போட்டால் அதற்குப் பெயர் தர்மம். அதை அங்கேயே சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். தராசு பிடிக்கிற குமாரவேலுவையும் சேர்த்துச் சொன்னேன். முகத்துவாரக்குப்பத்து ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தான். கடலுக்குப் பயப்படாதவன், நான் வந்தால் தராசு முள்ளோடு சேர்ந்து ஆடுகிறான்.

"அய்யா, ஆளுவ முன்னால வேண்டாம்" என்றான் உச்சிமாகாளி, மெதுவாக. எங்கள் உடன்குடிப் பக்கத்தில் தகப்பனை அய்யா என்றுதான் கூப்பிடுவது. ஆள் முன்னால் தப்பு நடந்தால் ஆள் முன்னால்தான் சொல்ல முடியும் என்றேன். சரியான பதில் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி கொசுறைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போனாள். அது நன்றாக இல்லை.

மார்ச் 11, வியாழன்

உச்சிமாகாளி பம்பாய் போகிறானாம்.

சிவந்தியின் அண்ணன் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். மே மாதம் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் மீதி இருந்தது, அதைச் சிவந்தி இன்று மோர் ஊற்றும்போது சொன்னாள். என்னிடம் ஏன் அவன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க கேப்பியளா, பேசுவியளா?" என்றாள்.

போகட்டும். இருபத்தாறு வயது, கை கால் நன்றாக இருக்கிறது, போகட்டும். இவன் போனால் கிளை மூடிப் போய்விடாது — ஒரே பிள்ளை — அதனால் என்ன, போகட்டும். மோர்ச் சோறு இறங்கவில்லை. உப்பில்லாமல் எப்படி இறங்கும்?

மார்ச் 12, வெள்ளி

காலடிப்பேட்டைக்குப் போக ரோஷம் விடவில்லை. ஆகவே மாடி.

பக்கத்து மாடி அத்தாவுல்லாவுடையது. ரயில்வே சாமான் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து. இருபது வருஷப் பழக்கம். நோன்புக் கஞ்சி வரும், தீபாவளிக்கு அதிரசம் போகும். ஆனால் சாயந்தரங்களில் அவர் மாடியில் என்ன செய்கிறார் என்று இன்றுதான் பார்த்தேன். அறுபது வயது மனிதர், பனியனும் லுங்கியுமாக, மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, காத்தாடி விடுகிறார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு அல்லவா? நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்ப நீ ஒண்ணு ஏத்து, தலீவரே. ஒரு நிமிட்டு அது மேல நிக்கட்டும். நான் இத்தோட இந்த ஆட்டத்த வுட்டுடறேன்" என்றார்.

காற்று இருக்கிறது, காகிதம் இருக்கிறது, நூல் இருக்கிறது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? துறைமுகத்தில் ஆள் கிடைக்காத நாளில்கூடப் பொழுது சாயுமுன் சரக்கை இறக்கிக் காட்டியவன் நான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 13, சனி

மண்டி ஆளைக் கூப்பிட்டு, "ஒரு காத்தாடி வாங்கி வா" என்று அனுப்பினேன். உடன்குடியிலிருந்து போன வாரம் வந்தவன். எங்கள் பக்கத்தில் காத்தாடி என்றால் குச்சி முனையில் காற்றுக்குச் சுற்றுமே, அது. மேலே பறப்பது பட்டம். இந்த ஊரில்தான் அதற்கும் காத்தாடி என்று பெயர். அவன் ஊர்ப் பேச்சுப்படி சிவப்புக் காகிதக் காத்தாடி ஒன்றை வாங்கிக்கொண்டு மாடி வரைக்கும் வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அது என் கையில் நன்றாகச் சுற்றியது. அத்தாவுல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 14, ஞாயிறு

முதல் பாடம். காத்தாடியின் நடுக்குச்சியில் நூல் கட்டுகிற இரட்டை முடிச்சுக்குச் சூத்திரம் என்று பெயர். அதை அத்தாவுல்லாவே கட்டிக் கொடுத்தார். மற்ற எல்லாம் நான் செய்தேன், ஆகவே மற்ற எதுவும் நடக்கவில்லை. இரண்டு ஆள் உயரம் ஏறும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், சுற்றும், நேராக வந்து சிவந்தி காயப்போட்டிருந்த வற்றல் மேல் குத்தும். நூல் சரியில்லை என்றேன். வேறு நூல் வந்தது. காகிதம் கனம் என்றேன். வேறு காத்தாடி வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று, தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்குப் போய் நின்றேன்.

தெருவில் எத்தனை மாடி இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது. எல்லா மாடியிலும் ஆள் இருந்தது. எல்லாரும் யோசனை சொன்னார்கள். என் சங்கக் கூட்டத்தில் என்னிடம் யோசனை சொல்ல ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. சிவந்தி மேலே வந்து மிதிபட்ட வற்றலைப் பொறுக்கினாள். இனிமேல் குழம்பில் காத்தாடியைத்தான் போட வேண்டும் என்று என்னிடம் சொல்லவில்லை, அத்தாவுல்லாவின் மனைவி ஷரீஃபுன்னிசாவிடம் சந்து வழியாகச் சொன்னாள். எனக்குக் கேட்கிற மாதிரி.

மார்ச் 17, புதன்

காற்று சரியில்லை.

மார்ச் 18, வியாழன்

இன்றும் காற்று சரியில்லை. அத்தாவுல்லாவின் காத்தாடி மட்டும் எப்படியோ மேலே நின்றது.

மார்ச் 20, சனி

மூக்குடைபட்ட கதையை எழுதி வைக்கிறேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வற்றலுக்குப் பயந்து பாடம் இப்போது அத்தாவுல்லாவின் மாடியில். அவர் தம் கையால் ஒன்றை ஏற்றி, உயரத்தில் நிறுத்தி, நூலை என் கையில் கொடுத்தார். நான் ஏற்றாவிட்டாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு பெருமைதான். அப்போது வடக்கே எந்த மாடியிலிருந்தோ ஒரு கறுப்புக் காத்தாடி வந்து என் நூல் மேல் குறுக்கே விழுந்தது. "டீல் வுடு, தலீவரே, டீல் வுடு" என்று அத்தாவுல்லா கத்தினார்.

எனக்குத் தெரிந்த டீல் இங்கிலீஷ் டீல். துறைமுகத்து ஏஜெண்டுகள் வாய்க்கு வாய் சொல்வது. பேரம், ஒப்பந்தம். இந்த நேரத்தில் எந்த ஒப்பந்தத்தை விடச் சொல்கிறார்? நான் பேசி வைத்திருக்கிற புளிச் சரக்கைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருப்பாரோ? நூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அதைப் பிறகு பேசலாம் பாய்" என்றேன். நூல் அறுந்தது. காத்தாடி ரயில்வே யார்டுப் பக்கம் போய்விட்டது.

டீல் என்றால் தொய்வாம். உருதுச் சொல்லாம். எதிராளியின் நூல் மேலே விழுந்தால் இழுக்கக் கூடாதாம், நூலைத் தளர்த்தி ஓட விட வேண்டுமாம். "இஸ்துகினே இருந்தா அறுத்துகினு பூடும், நைனா" என்றார். இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். முதல் நாளே சொன்னாராம். நான்தான் அப்போது காகிதத்தின் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனாம்.

மார்ச் 24, புதன்

சுட்டுவிரலில் கட்டுடன் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மாஞ்சா நூலில் கண்ணாடித் தூள் இருக்கிறது என்று தெரியும். அது விரலுக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. செயலாளர் லூயிஸ், கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்கிறவர், என்ன ஆயிற்று என்று கேட்டார். பாக்குவெட்டி என்றேன். தலைவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாதே என்றார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேஜைக்குக் கீழே எத்தனை சிரிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 29, திங்கள்

அத்தாவுல்லா மேல் எனக்குக் கோபம். கோபமா, வருத்தமா? மனிதர் சொல்லிக்கொடுக்கிறாரா, உயிரை வாங்குகிறாரா? கையப் பாரு என்கிறார், கையைப் பார்த்தால் வானத்தப் பாரு என்கிறார், வானத்தைப் பார்த்தால் காலுக்குக் கீழே நூலு சிக்குது பாரு என்கிறார். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எல்லாம் சரியான யோசனைதான், ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்கக் கேட்க என் கை கட்டையாகிவிடுகிறது. கொஞ்சம் முன்னால் வந்ததுகூட வராமல் போகிறது. ஷரீஃபுன்னிசா கீழே கூப்பிட்டு அவர் இறங்கிப் போன பத்து நிமிஷம் காத்தாடி தானாக நின்றது. அவர் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் விழுந்துவிட்டது.

மார்ச் 30, செவ்வாய்

காலடிப்பேட்டை போனேன். ரோஷம் எத்தனை நாள் தாங்கும்?

உச்சிமாகாளி உள்ளே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். குமாரவேலு புளி நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முள் ஆட ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். படியைப் பார் என்றேன். முள்ளைப் பார் என்றேன். கீழே சிந்துவதைப் பார் என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அத்தாவுல்லாவின் குரல் மாதிரி இருந்தது. யார் பேசுவது என்று பார்த்தால் நான். அப்படியே வாயை மூடிவிட்டேன்.

கடையில் எல்லாரும் மீதித் திட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை என்றதும் பயந்துவிட்டார்கள். குமாரவேலு ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டான், உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டான். ஒருவன் சோடா உடைத்தான். உச்சிமாகாளி வெளியே வந்து, "அய்யா, மயக்கமா வருதா?" என்றான். இல்லை என்று சொல்லி சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. சோடாவுக்காக அல்ல.

ஏப்ரல் 4, ஞாயிறு

ஏறிவிட்டது. நானே ஏற்றினேன், நானே நிறுத்தினேன். அத்தாவுல்லா அப்போது மாடியில் இல்லை, ஆகவே அவர் நம்பவில்லை, ஆகவே அவர் வந்தபின் மறுபடி ஏற்றிக் காட்டினேன். பச்சைக் காகிதம், வால் கிடையாது, மேற்கே யார்டுக்கு நேர் மேலே நின்றது. நூல் விரலில் துடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. அன்று எதிர்த்து யாரும் நிற்கவில்லை, அதனாலோ என்னவோ. ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றதால் நீர் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அத்தாவுல்லாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அப்படி யார் சொன்னது என்று கேட்கிறார்.

ஒன்று முடிவு செய்தேன். உச்சிமாகாளி விஷயத்தில் இனிமேல் டீல். கிளைக்குப் போக மாட்டேன். எதையும் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 9, வெள்ளி

சொன்னபடி இருக்கிறேன். காலடிப்பேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் சாப்பிட வந்து உட்கார்ந்தால் கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ரசம், மோர், எழுந்து போய்விடுகிறேன். சிவந்தி இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்படி ஒரு தகப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று எனக்கே பெருமையாக இருக்கிறது.

காத்தாடிதான் சரியாக வரவில்லை. இன்று தாராளமாக டீல் விட்டேன். நூல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, காத்தாடி தூக்கம் வந்தது போலத் தலையைத் தொங்கப்போட்டு, ஆடி ஆடி, கூட்ஸ் வண்டிகள் மேல் இறங்கிவிட்டது. யாரும் அறுக்கவில்லை. அத்தாவுல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

"டீல் வுடுன்னா மொத்தமா வுடுன்னா சொன்னேன்? நூலு போவணும், ஆனா வெரலுக்குத் தெரிஞ்சு போவணும்."

இந்த மனிதருக்கு இழுத்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம்.

ஏப்ரல் 16, வெள்ளி

சரக்கு ஏற்ற குமாரவேலு வண்டியோடு மண்டிக்கு வந்தான். மகனை நேரில் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேனே தவிர இவனைக் கேட்பதில்லை என்று வைக்கவில்லை. சின்ன முதலாளி எப்படி இருக்கிறார் என்றேன்.

"பேஜாரா கீறாரு, மொதலாளி" என்றான். ஏன் என்றேன். மூட்டையைத் தூக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் நடித்தான். பிறகு சொன்னான். "அய்யா என்னிய டீல்ல வுட்டுட்டாருன்னு சொல்லிகினு கீறாரு."

டீல் விட்டது நல்லதுதானே என்று கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். டீல் வுடுறது வேறு, டீல்ல வுடுறது வேறாம். கையை விட்டுப் போன காத்தாடியை யாரும் தேடிப் போவதில்லை, அது எங்கே விழுந்தால் என்ன? அப்படி ஒருவரைப் பாதியில் கைவிட்டுவிட்டுப் போனால் இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் டீல்ல வுடுறது. நான் திட்டினபோது பம்பாய் போகலாமா வேண்டாமா என்றுதான் சின்னவர் இருந்தாராம். நான் பேச்சை நிறுத்தியபிறகு டிக்கெட் வாங்கிவிட்டாராம். மே பன்னிரண்டாம் தேதி மெயில்.

அவனுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவனுக்காகத்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னால்தானே தெரியும்.

ஏப்ரல் 17, சனி

சிவந்தியிடம் கேட்டேன். அவனோடு பேசுங்கள் என்றாள். எப்படி என்றேன். வெங்காய ஏஜெண்டிடம் எப்படிப் பேசுவீர்கள் என்றாள். விரட்டுவேன் என்றேன்.

"சரி, வேற யாருகிட்டயாவது பேசுத மாதிரி பேசுங்க" என்றாள்.

வெகுநேரம் யோசித்தேன். நான் வேறு மாதிரிப் பேசுகிற ஆள் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. அத்தாவுல்லா ஒருவர்தான், அங்கே அவர் விரட்டுகிறார்.

ஏப்ரல் 18, ஞாயிறு

முயற்சி செய்தேன். சாப்பிடும்போது, "கடை எப்படி?" என்றேன். அவன் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டு மிளகாய் இருப்பு, புளி இருப்பு, வராத சரக்கு எல்லாம் ஒப்பித்தான். நான் அதைக் கேட்கவில்லை என்றேன். வேறு எதைக் கேட்கிறீர்கள் என்றான். எனக்கும் தெரியவில்லை. சாம்பார் ஆறிப் போயிற்று.

ஏப்ரல் 22, வியாழன்

அத்தாவுல்லாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். நூலைச் சுற்றிவைக்கிற டப்பாவை இன்று கை தவறிச் சந்தில் போட்டுவிட்டேன். நூல் முழுவதும் சிக்கல். மனிதர் வெளுத்து வாங்குகிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டின் மேல்படியில் உச்சிமாகாளி. எப்போது வந்தான் என்று தெரியாது.

சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பொங்கலுக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு ஆத்திரம் வர வேண்டும், வரவில்லை.

"ஒம் புள்ளையப் பாத்துக் கத்துக்க, தலீவரே. நாலே நாள்ல புட்ச்சிகினான்" என்றார் அத்தாவுல்லா. விசாரித்தால், பள்ளிக்கூடம் படிக்கிற காலமெல்லாம் இந்த மாடியில்தான் இருந்திருக்கிறான். என் வீட்டிலிருந்து நாலடி தள்ளி. சிவந்திக்குத் தெரியும், ஷரீஃபுன்னிசாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நான் மண்டியில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன்.

அவனிடம், "எனக்கு ஏன்லே தலை சாயுது?" என்று கேட்டேன். காத்தாடியைத்தான் கேட்டேன். அவன் வாங்கிப் பார்த்தான். சூத்திரம் அரை விரல் கீழே இறங்கியிருக்கிறது என்று மேலே தள்ளிக் கட்டினான். இருட்டும் வரைக்கும் கீழே போகவில்லை.

ஏப்ரல் 27, செவ்வாய்

இன்று நடு மத்தியானத்தில் உச்சிமாகாளி மண்டிக்கு வந்தான். கடை நேரத்தில் வருகிறவன் அல்ல. முகம் செத்திருந்தது. உள்ளே வந்து, உட்காராமல், சொன்னான்.

புது வெங்காயம் ஒரு லாரி வந்ததைக் கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி, காற்றுக்கு இடைவெளி விடாமல் அடுக்கிவிட்டான். ஈரக்காற்று. அடி வரிசை முழுக்க அழுகிவிட்டது. வாசனை வந்தபிறகுதான் தெரிந்தது. "தப்பு என்மேலதான் அய்யா. குமாரவேலு இடம் விடணும்னு சொன்னான். நான்தான் கேக்கல" என்றான்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷ வெங்காயம் என் தொண்டையில் நின்றது. உப்புக்காற்றுக்கு எப்படி அடுக்குவது என்று நான் சொல்லாத நாள் உண்டா? நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் அவன் நின்ற விதம் எனக்குத் தெரியும். காத்தாடி கீழே போய்க்கொண்டிருக்கும்போது நான் அப்படித்தான் நிற்பேன். அது விழுகிறது என்று எனக்கே தெரியும், இன்னொருவர் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் தோன்றியது. இதை அவன் மறைத்திருக்கலாம். முன்பென்றால் மறைத்திருப்பான், நானே மோப்பம் பிடித்திருப்பேன்.

"உக்காருலே. இப்ப என்ன செய்யலாம்னு நெனைக்க?" என்றேன்.

நல்லதை வேறாகப் பிரித்து வெயிலில் பரப்பியாகிவிட்டது, நாலு ஓட்டலுக்கு இன்றே போகிறது என்றான். சரக்கு அனுப்பியவருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். டீ வந்தது, குடித்தோம், மறுபடி பேசினோம். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நீங்க சத்தம் போடுவியன்னு நெனச்சேன்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

அவன் போனபின் இன்னொரு டீ வரவழைத்துக் குடித்தேன். ரத்தக்கொதிப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர், இப்படி அடக்கினால் ஏறியல்லவா இருக்கும்?

மே 1, சனி

சங்கக் கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போய் நாலு பேர் முன்னால் திட்டு வாங்க வேண்டும் என்று பேசினேன். அது எல்லாருக்கும் நல்லது, நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு ரொம்ப நல்லது என்றேன். இதைத் தீர்மானமாக எழுத வேண்டுமா என்று லூயிஸ் கேட்டார். தாம் சமையல் கற்றுக்கொள்ளத் தயார் என்றும், அதற்கு மனைவியின் ராஜினாமாவை முதலில் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், இந்தத் தடவை மேஜைக்கு மேலேயே.

அதற்குப் பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லாரி நிற்கிற இடம், சாக்கடை, புது வரி. முடிய ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. நான் இதுவரை யாரையும் பேச விடாததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

மே 5, புதன்

நோன்பு ஆரம்பம். அத்தாவுல்லா மாடிக்கு வரவில்லை. தனியாக ஏற்றினேன். திட்ட ஆளில்லாமல் கை சரியாக வரவில்லை.

பம்பாயைப் பற்றி உச்சிமாகாளி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இழுப்பதாகுமா? கேட்காவிட்டால் டீல்ல வுட்டதாகுமா? இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்க வேண்டும். அது எனக்கு இன்னும் வரவில்லை. அவன் போய்விடக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. ரத்தக்கொதிப்பாக இருக்கும்.

மே 7, வெள்ளி

வந்துவிட்டது, அந்தப் பேச்சு. அழகாக வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றுகொண்டு, "நீ இருந்தா எனக்கு நல்லாருக்கும். போனாலும் நான் கோவப்பட மாட்டேன்" என்றேன். பாதி அவன் செருப்பிடம் சொன்னேன். அவன் "ம்" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

"ம்" என்றால் என்ன? சிவந்தியிடம் கேட்டேன். உங்கள் பிள்ளைதானே, உங்கள் "ம்"முக்கு என்ன அர்த்தமோ அதுதான் என்றாள்.

மே 9, ஞாயிறு

காலையிலிருந்து சிவந்தி முறுக்குச் சுட்டாள். பம்பாய் அண்ணனுக்கு. பெரிய டின் நிறைய. ஷரீஃபுன்னிசா நோன்போடு வந்து கூட உட்கார்ந்து பிழிந்து கொடுத்தார். எண்ணெய் வாசனை வீடெல்லாம். எனக்குப் பிடித்த முறுக்கு, ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. டின்னை மூடித் துணி வைத்துத் தைத்தாள். யார் கொண்டுபோவது என்று கேட்க நாக்கு எழவில்லை. கூடத்துக்கும் மாடிக்கும் நாலு தடவை நடந்தேன். மாடியில் காற்று நன்றாக இருந்தது, காத்தாடியைத் தொடவில்லை.

சாயந்தரம் உச்சிமாகாளி வெளியிலிருந்து வந்தான். டின் கூடத்தில் இல்லை. எங்கே என்று சிவந்தி கேட்டாள்.

"ஸ்டேசன்ல பார்சல் போட்டுட்டேன்மா. வியாழக்கிழமை மாமா கைக்குப் போயிரும்" என்றான்.

சிவந்தி அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லை. நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். என்ன செய்தி என்று கேட்டால் தெரியாது.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அங்கேயே நின்றான். பிறகு, "அய்யா, நாளைக்கு சாயந்தரம் கடைக்கு வாங்களேன்" என்றான். என்ன விஷயம் என்றேன். ஒரு விஷயமும் இல்லை, சும்மாதான், சரக்கு அடுக்குவதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்றான்.

சரி என்றேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

இப்போது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு எந்தச் சட்டை போடலாம் என்று சிவந்தியிடம் கேட்டேன். முப்பது வருஷமாகக் கடைக்குப் போகிற மனிதர் இன்று என்ன புதிதாகச் சட்டை கேட்கிறீர்கள் என்று சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? என் கடைக்கு என்னை இதுவரை யாரும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை.